மூன்றுகால் சட்டியும் தலைக்கட்டும்

என் கொழுந்தன் தேவதாஸ் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று பேசினால் கெட்ட செய்தி என்று அர்த்தம். அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கோயில் கொட்டகையில் ஊர்க் கூட்டம் நடந்திருந்தது. நான் முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

“அண்ணி, கேம்ப்பு சமையல பாடுல போட்டுட்டாங்க” என்றான்.

“யாரு போட்டது?”

“ஊருதான். நான் ஒருத்தன் இன்னா பண்ண முடியும்?”

“கை தூக்குனியா இல்லியா?”

அவன் தெருவைப் பார்த்தான். தூக்கியிருக்கிறான். என் புருஷனுடைய கூடப்பிறந்த தம்பி, என் கையால் எத்தனை வருஷம் சோறு தின்றவன், என் பிழைப்பை எடுத்து மற்றவர்களுக்குப் பங்கு போடக் கை தூக்கிவிட்டு, சேதி சொல்லவும் வந்து நிற்கிறான். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

பாடு என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வதற்குப் பெயர்தான் பாடு. இறால் விழுகிற நல்ல இடம் ஒரே ஆளுக்குப் போய்விடக் கூடாது. சீட்டு எடுத்து, இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று போவார்கள். நல்ல ஏற்பாடுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நல்லதெல்லாம் தலைக்கட்டுக்கு மட்டும். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆம்பளை. அவன் ஊருக்கு வரி கட்டுவான், கூட்டத்தில் உட்காருவான், அவனுக்குப் பாடு உண்டு. அவன் செத்துப் போய், வீட்டில் மகன் இல்லை என்றால், பாடும் அவனோடு போய்விடும்.

என் வீட்டுக்காரர் ஜான்சன் மஞ்சள் காமாலையில் போனார். எங்களுக்கு ஜெஸ்ஸி ஒருத்திதான். அடக்கம் முடிந்த பிறகு ஊர்த்தலைவர் பிராங்க்ளினும் இன்னும் சிலரும் வீட்டுக்கு வந்து, “உனக்கு இனிமே வரி வேணாம்மா, நீ கீற நெலமையில ஊரு உன்கிட்ட வாங்காது” என்றார்கள். நான் அழுதுகொண்டே கைகூப்பிக் கும்பிட்டேன். அந்தக் கையை இப்போது வெட்டிப் போடலாம் போலிருக்கிறது. வரியைத் தள்ளினார்கள் என்று நான் நினைத்தேன். அவர்கள் தள்ளியது என் வீட்டை.

அந்த வருஷம்தான் பழவேற்காட்டுக் கடைத்தெரு அனஸ் எங்கள் ஊர்ச் சவுக்குத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தான். சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்து ஆட்கள் வருவார்கள். கூடாரம் போட்டுத் தூங்குவார்கள், படகில் போய்ப் பூநாரை பார்ப்பார்கள், சாயங்காலம் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடுவார்கள். அவர்களுக்குச் சமைக்க அனஸ் மூன்று இரும்புச் சட்டிகளைப் படகில் கொண்டுவந்து இறக்கினான். ஒவ்வொன்றும் ஒரு ஆள் தூக்குகிற கனம். அடியில் மூன்று கால். மூடியும் இரும்பு, சுற்றிலும் விளிம்பு எழுப்பியது, மூடிக்கு மேலேயும் நெருப்புத் துண்டு வைக்கலாம். ‘டச்சு ஓவன்’ என்று பேர் சொன்னான். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. எங்கள் தெரு சாந்தி உடனே, “இன்னா பாய், டச்சுக்காரன் கல்லறைய நோண்டி எடுத்தியா?” என்று கேட்டாள். அனஸுக்கு அது பிடித்துப் போய்விட்டது. அன்றிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் காலத்து டச்சுக்காரர்கள் விட்டுப்போன சட்டி என்று கதை விடுகிறான். பச்சைப் பொய். ஆன்லைனில் வாங்கியது. அது வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துத்தான் நான் முதல் நாள் அடுப்பு மூட்டினேன்.

அந்த முதல் நாளில் சமைக்க வேறு யாரும் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோப்பில் கண்டவனும் குடிப்பான், அங்கே போகிற பொம்பளைக்கு நல்ல பேர் மிஞ்சாது என்று வீட்டுக்கு வீடு பேசினார்கள். பேசியவர்களில் என் ஓரகத்தி, தேவதாஸ் பெண்டாட்டி ஆரோக்கியமேரியும் ஒருத்தி. எனக்குப் பேர் முக்கியமா, பொன்னேரிக் காலேஜுக்குப் போகிற பெண்ணுக்குச் சோறு முக்கியமா? நான் போனேன்.

சட்டி என்னைப் படாத பாடு படுத்தியது. முதல் தடவை மடவை மீன் அடியில் கரியாகி மேலே பச்சையாக இருந்தது. நெருப்பை எல்லாம் அடியில் போட்டால் அப்படித்தான் ஆகும் என்று பிறகு தெரிந்தது. குழம்பு, கறி, நண்டு மசாலா என்றால் நெருப்பு அடியில் அதிகம், மூடியில் கொஞ்சம். ரொட்டி, கேக்கு, வாழையிலையில் மடித்த மீன் என்றால் தலைகீழ், மூடியில்தான் அதிகம் வேண்டும். சவுக்குக் கரி சீக்கிரம் சாம்பலாகிவிடும், கொட்டாங்குச்சி ஒரேயடியாகச் சீறும், வேலிக்காத்தான் என்கிற சீமைக்கருவேலக் கரிதான் நின்று எரியும். சாயங்காலம் கடல் காற்று எழுந்ததும் ஒரு பக்கம் மட்டும் தீயும், அதனால் சட்டியை ஒரு பக்கமும் மூடியை எதிர்ப் பக்கமும் அவ்வப்போது திருப்ப வேண்டும். கறி வெந்ததா என்று ஆசைப்பட்டு மூடியைத் திறக்கக் கூடாது. இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் இரண்டு முன்னங்கையிலும் தழும்பு இருக்கிறது, அதுதான் நான் படித்த படிப்பு.

பிரியாணிக்கும் ரொட்டிக்கும் என்றே ஆட்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். தோப்பு ஒரு வாரம்கூடக் காலியாக இல்லை. அப்போது ஊருக்குக் கண் திறந்தது. தோப்பு ஊர்ப் பொது இடமாம், அதில் கிடைக்கிற வேலை ஒரே வீட்டுக்குப் போகக் கூடாதாம். அதனால் பாடு உள்ள தலைக்கட்டு மட்டும்தான், தன் முறை வரும்போது, தன் வீட்டுப் பொம்பளையை அனுப்பிச் சமைக்க வேண்டும். முறை இல்லாமல் எந்தத் தலைக்கட்டு அங்கே அடுப்பு மூட்டினாலும் தண்டம்.

“அந்த முறையில என் வீடு எங்க வருது?” என்று தேவதாஸிடம் கேட்டேன்.

“உங்களுக்குத்தான் பாடு இல்லியே அண்ணி.”

அதை அவன் வருத்தமாகத்தான் சொன்னான். அந்த வருத்தம்தான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. முறத்தோடு அரிசியை அவன் மேல் கொட்டாமல் விட்டதற்கு ஒரே காரணம், அது ரேஷன் அரிசி, மறுபடி பொறுக்க வேண்டும்.

அனஸைப் பார்க்கத் தோப்புக்குப் போனேன். அவன் கூடாரத்தைச் சுருட்டுகிற சாக்கில் என் முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

“ஊரு இடம்க்கா. நாளைக்குக் குத்தகைய ரத்து பண்ணிட்டாங்கன்னா நான் எங்க போவேன். உங்க கை பக்குவம் யாருக்கும் வராதுன்னு எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா வாயத் தெறந்து கூட்டத்துல சொல்லலாமே தம்பி.”

“நான் வெளியாளுக்கா.”

“நீ வெளியாளு, நான் பொம்பள. ஊருக்குள்ள யாருதான்பா கீறாங்க?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

முதல் முறை சீட்டில் யாருக்கு விழுந்தது என்று நினைக்கிறீர்கள்? தேவதாஸுக்கு. அந்தச் சனிக்கிழமை நான் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். மறுநாள் காலையில் ஆரோக்கியமேரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தாள்.

“அக்கா, சட்டி எல்லாம் செவப்பாயிடுச்சுக்கா.”

“இன்னா பண்ண?”

“மொத முறையாச்சே, கன்னங்கரேல்னு கீதேன்னு, வெள்ளிக்கெயமையே புளி போட்டு மணல வச்சு நல்லாத் தேச்சேன். வெள்ளி மாதிரி வந்துச்சு. ஏரித் தண்ணியில அலசிக் கவுத்து வச்சேன். மறுநாளு பாத்தா துரு. தொடச்சிட்டுத்தான் மீன வச்சேன். எல்லாம் ஒட்டிக்கினு வரவே இல்லக்கா. சோறுல இரும்பு வாடை. வந்தவங்க பிரெட்டும் ஆம்லெட்டும் தின்னுட்டுப் போனாங்க.”

எங்கள் ஊரில் பொம்பளையின் ஒழுங்கைப் பாத்திரத்தின் பளபளப்பில் பார்ப்பார்கள். விசேஷம் என்றால் புளியும் மணலும் போட்டுத் தோள் வலிக்கத் தேய்ப்போம். அவள் மரியாதைக்காகத்தான் தேய்த்தாள். அந்தச் சட்டியின் கறுப்பு அழுக்கு இல்லை, எண்ணெய் காய்ந்து காய்ந்து ஏறிய தோல். அதை இரண்டு வருஷமாக ஏற்றியது நான். ஒரே காலையில் உரித்துவிட்டாள்.

முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்லா வேணும் என்று மனசுக்குள் சொன்னேன். அப்புறம் அவள் கையைப் பார்த்தேன். மூடியை வெறுங்கையால் தூக்கி, உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். என் கோபம் இவள் மேல் இல்லை என்று அப்போது தெரிந்தது. உப்பு போட்டுத் துருவை எடு, வெந்நீரில் கழுவு, நெருப்பில் காய வை, எண்ணெயைத் தடவி, மறுபடி காய வை, கறுக்கிற வரைக்கும் விடாதே என்று சொல்லி அனுப்பினேன். திட்டிக்கொண்டேதான் சொன்னேன்.

சாயங்காலம் தேவதாஸ் வந்தான். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தான்.

“அண்ணி, பெரியவங்க இன்னா சொல்றாங்கன்னா, ஒவ்வொரு முறைக்கும் நீங்க கூட நின்னு காட்டிக் குடுத்துட்டீங்கன்னா போதும்.”

“எனக்கு இன்னா குடுப்பாங்க?”

“ஊருக்குச் செய்யறதுதான அண்ணி.”

என் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஜெஸ்ஸி உள்ளேயிருந்து ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊருக்குச் செய்யும்போது நான் ஊர், ஊர் எனக்குச் செய்ய வேண்டிய இடத்தில் நான் யாரோ. இந்தக் கணக்கைப் போட்டவன் எவன் என்று நேரிலேயே கேட்டுவிடலாம் என்று தீர்மானித்தேன்.

அடுத்த ஊர்க் கூட்டத்துக்கு நான் போனேன். பொம்பளைகள் கூட்டத்தில் உட்காருவதில்லை, வெளியே நின்று கேட்பார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய், திருவிழா வரிப் பணத்தைப் பிராங்க்ளின் முன்னால் பாயில் வைத்தேன்.

“இன்னாம்மா இது?”

“வரி. மத்த வீடு எவ்ளோ கட்டுதோ அவ்ளோ. வாங்கிக்குங்க, எனக்கும் ஒரு முறை போடுங்க.”

பிராங்க்ளின் பணத்தை விரல் நுனியால் என் பக்கம் தள்ளினார். கெட்ட மனுஷர் இல்லை. சாவு வீட்டில் முதலில் வந்து நிற்பவர் அவர்தான். அதனால்தான் இந்த மனுஷரிடம் சண்டை போடுவது இவ்வளவு கஷ்டம்.

“பொம்பள கையில வரி வாங்கற வயக்கம் நம்ம ஊருல இல்லம்மா. உன்கிட்ட வாங்குனா பாடும் குடுக்கணும். நாளைக்கு ஒவ்வொரு வூட்டுலயும் ஒருத்தி கெளம்பி வருவா. நீ தலைக்கட்டு இல்ல, அத்த புரிஞ்சுக்கோ.”

“நான் தலைக்கட்டு இல்ல?”

“இல்லம்மா.”

“என் வூடு?”

“அந்த வூட்டுல தலைக்கட்டு இல்ல.”

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. வெளிய நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்.”

அவர் எரிச்சலோடு சத்தமாகச் சொன்னார். எல்லாரும் கேட்டார்கள். நான் பணத்தை எடுத்து முடிந்துகொண்டு வெளியே வந்தேன். அழுவேன் என்று எதிர்பார்த்தார்கள் போல, வாசலில் ஆரோக்கியமேரி என் தோளைத் தொட வந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. அடுத்த சனிக்கிழமைக்கு வேலிக்காத்தான் கரி எவ்வளவு வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சட்டி என்னிடம் ஒன்று இருந்தது. படகிலிருந்து விழுந்து ஒரு கால் உடைந்ததை அனஸ் தூக்கிப் போட இருந்தான், நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உடைந்த காலுக்குப் பதில் செங்கல் துண்டு வைப்பேன். வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறியும், ஜெஸ்ஸிக்கு டப்பாவில் வைக்க ரொட்டியும் அதில்தான்.

சனிக்கிழமை வெயில் தாழ்ந்ததும் அதைத் தோப்பு வேலிக்கு வெளியே, கேம்ப்புக்காரர்கள் படகிலிருந்து இறங்குகிற துறை ஓரத்தில் வைத்தேன். வாழையிலையில் மடித்த மடவையை அதில் அடுக்கி, மூடி மேல் கரியைப் பரப்பிவிட்டு, ரொட்டிக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சாந்தி வீட்டு முறை. அவள் வேலிக்குள் அடுப்பை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தாள். படகிலிருந்து இறங்கியவர்கள் வாசனைக்கு நின்றுவிட்டார்கள். போன தடவை வந்த ஒரு தம்பதி என்னை அடையாளம் கண்டு, ஏன் வெளியே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். உள்ளே எனக்கு முறை இல்லையாம் என்றேன். அனஸ் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தலையைச் சொறிந்தான்.

சேதி ஊருக்குள் போக எவ்வளவு நேரம் ஆகும்? பிராங்க்ளின், தேவதாஸ், பின்னால் ஒரு கூட்டம். அவர்களுக்குப் பின்னால் பொம்பளைகள்.

“ஜாக்குலின், இன்னா வேல இது? முறை இல்லாம அடுப்பு மூட்டக் கூடாதுன்னு ஊரு சொல்லிக்கீது. தண்டம் கட்டணும்” என்றார் பிராங்க்ளின்.

“யாரு கட்டணும்?”

“நீதான்.”

“முறை இல்லாம எந்தத் தலைக்கட்டு மூட்டுனாலும் தண்டம்னுதான ஊரு சொல்லுச்சு? நான் தலைக்கட்டு இல்லன்னு நீங்கதான கூட்டத்துல சொன்னீங்க. சத்தமா வேற சொன்னீங்க. எவன்கிட்டன்னா கேளுங்க.”

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பொம்பளைக் குரல், “அக்கா சொல்றது நாயந்தான?” என்றது. ஆரோக்கியமேரி. புருஷன் திரும்பி முறைத்தும் அவள் தலையைக் குனியவில்லை.

“அண்ணி, வெளியாளுங்க முன்னாடி மானத்த வாங்காதீங்க” என்றான் தேவதாஸ்.

“உன் மானம் என் அடுப்புலயா கீது? நான் தலைக்கட்டுன்னா எனக்கு முறை குடு. இல்லன்னா உங்க சட்டம் என்னக் கட்டாது, ஓரமா நின்னு பொக தின்னாம போ. ரெண்டுல ஒண்ணு சொல்லு. ஊருக்கு உழைக்கறப்ப மட்டும் நான் ஊருன்னா அது நடக்காது.”

அத்தனை வருஷம் நான் நல்ல பொம்பளையாக விழுங்கியது எல்லாம் அன்று ஒரே நேரத்தில் வெளியே வந்துவிட்டது. “வா, கூட்டத்துல பேசிக்கலாம்” என்றார் பிராங்க்ளின். “கூட்டத்துக்கு நான் வந்தாச்சு. இனிமே நீங்கதான் வரணும்” என்று சொல்லிவிட்டு நான் சட்டியை ஒரு பக்கம் திருப்பினேன்.

அவர்கள் வர மூன்று சனிக்கிழமை ஆயிற்று. அந்த மூன்றிலும் நான் துறையில் அடுப்பு மூட்டினேன், எவனும் தண்டம் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் சாந்தியும் ஆரோக்கியமேரியும் வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்து மாவு பிசைந்தார்கள்.

திருவிழா வரி வாங்கும்போது பெரியவர்கள் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நின்று தலைக்கட்டின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டைத் தாண்டி என் வாசலில் காலடி நின்றது.

“ஜான்சன் வூடு, வரி.”

நான் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஜெஸ்ஸி, “அம்மா, போம்மா” என்றாள்.

“உங்க நைனா செத்துப் போயிட்டாரு. அவரத்தான் கூப்புடறாங்க.”

வெளியே குசுகுசுவென்று பேசினார்கள். “அண்ணி” என்று தேவதாஸ் கூப்பிட்டான். அண்ணி வரி கட்டுவதில்லை. நான் அசையவில்லை. போய்விடுவார்களோ என்று பயந்துகொண்டே குழம்பைக் கிளறினேன். அப்புறம் பிராங்க்ளின் தொண்டையைச் செருமினார்.

“ஜாக்குலின் தலைக்கட்டு, வரி.”

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனேன். தெருவே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நான் கொடுத்த பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு அவர் மிச்சத்தைத் திருப்பி நீட்டினார்.

“ஜாஸ்தி கீதும்மா. இந்த வருச வரி மட்டும்தான்.”

“விட்டுப்போன வருசங்களுக்கும் சேத்துத்தான்.”

“அத்தத்தான் ஊரு தள்ளிடுச்சே, வேணாம்மா.”

“வேணும், வாங்கிக்குங்க” என்றேன். “அந்த வருசமெல்லாம் இந்த வூட்டுல நான் இருந்தேன்.”